காணாமப் போன கடைங்கள ஞாபகத்துலேர்ந்து தோண்டி எடுக்கறது எப்படி

சிட்டி நடுவுல இருந்த பழைய ஆர்கேட (மேல கூரை, நடுவுல நடைபாதை, ரெண்டு பக்கமும் கடை, அந்த மாதிரி கட்டடம்) இடிச்சுட்டாங்க, இல்ல கட்டடம் அப்படியே நிக்குது ஆனா உள்ள இருந்த கடை ஒண்ணுகூட இப்ப இல்ல, அங்க என்னென்ன இருந்துச்சுன்னு எழுதி வச்சுடணும்னு தோணுதா, அப்ப இது உங்களுக்குத்தான். நான் மொதல்ல தப்பா பண்ணி, அப்புறம் திரும்ப ஆரம்பத்துலேர்ந்து பண்ணேன், அதனால தப்பயே மொதல்ல சொல்லிடறேன்.

அங்க அடிக்கடி போய்ட்டு வந்த பெரியவங்க நாலு பேர ஒண்ணா உக்கார வச்சு கேட்டேன். அதுல சத்தமா பேசற ஒரு பெரியவர் "வாட்ச் ரிப்பேர் கடையா, நுழைஞ்ச உடனே இடது கைப் பக்கம்"னு அடிச்சு சொல்லிட்டாரு, மத்தவங்களும் ஆமா ஆமான்னு தலையாட்டிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அதுல ஒரு அம்மாவோட பீரோவுல அந்தக் கடை பில்லு ஒண்ணு கெடச்சுது, கடை நம்பர வச்சு எண்ணிப் பாத்தா வலது பக்கம், கடைசிக்கு முந்தின கடை! "எனக்கு அப்பவே சந்தேகம்தான்பா, அவரு அவ்ளோ உறுதியா சொல்றப்ப நான் என்னத்த சொல்றது"ங்கறாங்க.

ஸோ மொத ரூல், தனித்தனியா கேளுங்க, அப்புறமா சேத்து வச்சுப் பாருங்க. கூட்டமா உக்காந்து ஞாபகப்படுத்தினா, அதே ஆளுங்கள தனித்தனியா கேட்டு சேத்த லிஸ்ட்ட விட கம்மியாத்தான் வரும்னு 1990கள்லயே சோதனை பண்ணி பாத்திருக்காங்க, ஒருத்தர் சொல்ற வரிசை இன்னொருத்தர் மனசுல இருக்கற வரிசைய கலைச்சுடுது.

அடுத்து, "என்னென்ன கடை இருந்துச்சு"ன்னு மட்டும் கேக்காதீங்க, அஞ்சு பேரு சொல்லிட்டு நின்னுடுவாங்க. கடைப் பேரு மண்டையில இருக்கும், வழி கால்ல இருக்கும், காலக் கேளுங்க. யார் கூட போனீங்க, எந்தப் பக்கமா நுழைவீங்க, வெயில்லேர்ந்து உள்ள வந்ததும் கண்ணு இருட்டுமா, மொத வாசனை என்ன. அப்புறம் அதே வழிய மனசுலயே திரும்பி வரச் சொல்லுங்க. போறப்ப விட்டுப்போன கடை வர்றப்ப மாட்டும். இது ஏதோ நான் கண்டுபிடிச்சது இல்ல, சாட்சிகள விசாரிக்கறதுக்காக 1980கள்ல ஃபிஷர், கைசல்மன்னு ரெண்டு சைக்காலஜி ஆளுங்க உருவாக்குன முறை, அதுலயே சூழல மனசுல கொண்டு வர்றதும் பின்னாலேர்ந்து சொல்ல வைக்கறதும் இருக்கு.

தரை, படி, வாட்ச்மேன், இதெல்லாம் சில்லறை விஷயம்னு விட்டுடாதீங்க. இத்தாலி மிலான்ல இருக்கற பெரிய கேலரியாவுல (அதுவும் ஆர்கேடுதான்) தரை மொசைக்ல ஒரு காளை இருக்கு, ஜனங்க அது மேல குதிகால வச்சு சுத்தி சுத்தி அந்த எடமே குழியாயிடுச்சு. லண்டன் பர்லிங்டன் ஆர்கேடு 1819ல தொறந்தது, அங்க விசில் அடிக்கக் கூடாதுன்னு ஒரு ரூல், அதப் பாத்துக்க தொப்பி போட்ட காவலாளுங்க. எந்தக் கடை எங்க இருந்துச்சுன்னு மறந்தவங்ககூட யாரு வெரட்டுனாங்கன்னு மறக்க மாட்டாங்க, அங்கேர்ந்து கடைக்கு வந்துடலாம்.

கேட்டத லிஸ்ட்டா எழுதாதீங்க. நீள பேப்பர்ல நடுவுல நடைபாதை, ரெண்டு பக்கமும் கட்டம், தெரியாத கட்டம் காலியாவே இருக்கட்டும். ஒரே கட்டத்துல இருபது வருஷத்துல மூணு கடை மாறியிருக்கும், ஒருத்தர் டெய்லர்ங்கறாரு இன்னொருத்தர் கேசட் கடைங்கறாரு, ரெண்டு பேருமே கரெக்ட்டா இருக்கலாம், சண்டைய விட்டுட்டு வருஷத்தக் கேளுங்க. வருஷம் தெரியலன்னா "உங்க கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா" போதும்.

அப்புறம்தான் ஆதாரம். பில்லு, கடை பேரு போட்ட பை, பழைய பேப்பர் விளம்பரம், தெரு டைரக்டரி. போன் நம்பர்ல எத்தன இலக்கம்னு பாத்தாலே காலம் ஓரளவு பிடிபடும். குடும்ப போட்டோல மூஞ்சிய விட்டுட்டு பின்னாடி போர்டப் பாருங்க, சின்ன பிரிண்ட்ட குறைஞ்சது 600 டிபிஐல (ஒரு இஞ்சுக்கு எத்தன புள்ளிங்கற கணக்கு) ஸ்கேன் பண்ணுங்க, கண்ணாடியில தெரியற எதிர்க்கடை போர்டுகூட சில நேரம் திருப்பிப் போட்டா படிக்க வரும். சமீபத்துல போன கடைன்னா கூகுள் ஸ்ட்ரீட் வியூல பழைய தேதி படம் பாக்கற வசதி 2014லேர்ந்து இருக்கு, ஆனா அது ரோட்டோரக் கடைக்குத்தான் உதவும், ஆர்கேடு உள்ளுக்கு பெருசா ஒண்ணும் கெடைக்காது.

கட்டடம் இன்னும் இருந்தா கடைசியா அந்தப் பேப்பரோட அவங்கள நேர்ல ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. அந்த பில்லு அம்மாவ கூட்டிட்டுப் போனேன். பேசிக்கிட்டே வந்தவங்க சமதரையில ஒரு எடத்துல சட்டுனு கால தூக்கி வச்சாங்க. கேட்டா அங்க ஒரு படி இருந்துச்சாம், அதையும் பேப்பர்ல போட்டுக்கிட்டேன்.