தாதுத் துகளில் பாக்டீரியாவை ஒட்டவைத்துப் பூச்சிமருந்தைச் சிதைப்பது எப்படி?

கல்லூரி ஆய்வகத்தில் முதன்முறை புராஜெக்ட் செய்பவர்களுக்காக இது. எடுத்துக்கொண்ட மருந்து குளோர்பைரிபாஸ். கையுறை, ஃபியூம் ஹுட் (நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) இல்லாமல் தொடவே வேண்டாம்.

முதலில் பாக்டீரியா வேண்டும். கடையில் விற்கும் டால்க் கலந்த சூடோமோனாஸ் பயிர்நோயைத் தடுக்கத்தான். இதற்கு அதை நம்பாதீர்கள். பல வருடமாக இதே மருந்தடித்த வயல்மண்ணில் தேடுங்கள். சேதுநாதன், யோஷிடா என்ற ஆய்வாளர்கள் 1973இல் வெளியிட்ட, டயசினான் என்ற இன்னொரு பூச்சிமருந்தைச் சிதைக்கும் பாக்டீரியா பிலிப்பைன்ஸில் அம்மருந்திட்ட நெல்வயலில் கிடைத்ததுதான்.

மண்ணைத் தாது உப்புக் கரைசலில் போட்டு, கார்பனுக்கு (அதாவது உணவாக) மருந்தை மட்டும் கொடுங்கள். வாராவாரம் கொஞ்சம் எடுத்துப் புதுக் கரைசலுக்கு மாற்றுங்கள். கடையில் விற்கும் 20 இ.சி. (கரைப்பானில் கரைத்த 20% மருந்து) பாட்டிலை இங்கே ஊற்றக் கூடாது. அதிலுள்ள கரைப்பானைத் தின்றே பாக்டீரியா பெருகிவிடும். விலை கூடுதல்தான், ஆய்வகத்துக்கென விற்கும் தூய மருந்தையே (ஸ்டாண்டர்டு) வாங்குங்கள்.

பாக்டீரியா ஒட்ட வேண்டிய தாதுவுக்கு என் தேர்வு 1–2 மி.மீ. சியோலைட் என்ற நுண்துளைத் தாது. பென்டோனைட் என்ற களிமண் நீரில் உப்பி, பிறகு குழாயில் நிரப்பி நீர் விடும்போது அடைத்துக்கொள்ளும். நன்றாக அலசி, காயவைத்து, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 20 நிமிடம். அப்புறம் வளர்த்த பாக்டீரியாவை ஊற்றி ஓரிரு நாள் ஷேக்கரில் மெதுவாக ஆடவிடுங்கள். 0.85% உப்புநீரில் கழுவும்போது முதலில் பால்போல் கலங்கி வரும், தெளியும்வரை கழுவுங்கள். ஒட்டாதவை போய்விடும்.

பலரும் சறுக்குவது அடுத்ததில். இரண்டு நாளில் நீரில் மருந்தே இல்லை என்றால் சிதைந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். குளோர்பைரிபாஸ் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான் கரையும். மீதி தாதுவிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் மூன்று குடுவை வையுங்கள்: வெறும் தாது, செத்த பாக்டீரியாவோடு தாது, உயிருள்ளதோடு தாது. நீரை மட்டும் அளந்தால் போதாது. தாதுவையும் குடுவைச் சுவரையும் எத்தில் அசிடேட்டால் கழுவி, அதில் வந்ததையும் கூட்டுங்கள். மற்ற இரண்டைவிட உயிருள்ள குடுவையில் மொத்தமே குறைந்திருந்தால்தான் சிதைவு.

கூடவே டிசிபி என்ற சிதைபொருளையும் ஹெச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) பாருங்கள். அது சேர்ந்தால் பாக்டீரியாவையே முடக்கும்.

பிற்சேர்க்கை: பாக்டீரியா ஒட்டிய தாதுவைக் குழாயில் நிரப்பி நீர் விட்டதும் பாக்டீரியா செத்துவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். விட்டது குளோரின் கலந்த குழாய்நீரா என்று பாருங்கள், அதைவிடக் கிணற்றுநீர் மேல். இன்னொருவர் மிச்சத்தை ஆட்டோகிளேவ் செய்து சிங்க்கில் ஊற்றலாமா என்றார். கூடாது. பாக்டீரியா சாகும், மருந்து போய்விட்டது என்று நம்ப முடியாது. தனி கேனில் சேர்த்து, லேபிள் ஒட்டி, ரசாயனக் கழிவோடு அனுப்புங்கள்.