எண்ணெய் மிதந்தால் போதுமா? தொக்கு, ஊறுகாய், கருவாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன்பிடித் தடைக்காலம் நெருங்கும்போது காசிமேட்டைச் சுற்றியுள்ள வீடுகளில் காலி பாட்டில்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அதற்குள் இறால் தொக்கு, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, வஞ்சிரம் ஊறுகாய் என்று போட்டு வைத்துக்கொள்வார்கள். இப்போது இது வீட்டுத் தேவையோடு நிற்பதில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்து விற்கிறார்கள், துபாயில் இருக்கும் பிள்ளைக்கு வேக்குவம் பேக் போட்டு அனுப்புகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வாங்குகிறவர் "எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டால், "எண்ணெய் மேல மிதக்குது பாருக்கா, காத்தே போவாது, ஆறு மாசம் ஆனாலும் ஒண்ணும் ஆவாது" என்று பதில் வரும். கோளாறு அந்தப் பதிலில்தான்.

காற்றுப் போகாவிட்டால் கெடாது என்பது பாதி உண்மை. பூஞ்சை வளரக் காற்று வேண்டும், எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கவும் காற்று வேண்டும். ஆனால் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்குக் காற்று ஆகவே ஆகாது. அது மண்ணிலும் கடலடிச் சேற்றிலும் வித்தாக உறங்கிக் கிடக்கும். பூண்டோடும் மீனோடும் நம் அடுப்படிக்கு வந்துவிடும். அப்படி வருவதால் மட்டும் பெரியவர்களுக்கு ஆபத்தில்லை. காற்றில்லாத, ஈரமுள்ள, புளிப்பில்லாத, உப்புக் குறைந்த இடம் கிடைத்தால்தான், அதுவும் பெரும்பாலும் வெதுவெதுப்பில்தான், அது விழித்துப் பெருகி நஞ்சைக் கக்கும். நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை அந்த நஞ்சு நிறுத்திவிடும். இதுதான் பாட்டுலிசம். அரிதான நோய், ஆனால் வந்தால் மூச்சுத் தசை வரைக்கும் செயலிழந்து, வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் படுக்க வைத்துவிடும்.

நம் நாட்டில் வராது என்று தள்ளிவிடவும் முடியாது. 1996இல் குஜராத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் 34 மாணவர்கள் பாதிக்கப்பட்டபோது, அவர்கள் சாப்பிட்ட கடலைமாவுச் சேவு மீது சந்தேகம் விழுந்தது. அதில் இந்தப் பாக்டீரியாவின் நெருங்கிய சொந்தமான க்ளாஸ்ட்ரிடியம் பியூட்டிரிக்கம் இருந்தது. அதே நஞ்சை அதுவும் உண்டாக்கும்.

மாங்காய்க்குச் சொன்னதைப் பூண்டுக்குச் செய்வது

எண்ணெய் ஒரு விரற்கடை மேலே நிற்க வேண்டும் என்ற விதி மாங்காய், எலுமிச்சை ஊறுகாய்க்குச் சொன்னது. அங்கே காப்பாற்றுவது புளிப்பும் உப்பும்தான், எண்ணெய் பூஞ்சையை மட்டும் தடுக்கிறது. உணவின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால் இந்தப் பாக்டீரியா வளராது. மாங்காயும் எலுமிச்சையும் அதற்கு வெகு கீழே. பூண்டு, மீன், இறால், கறி, காளான் எதிலும் அந்தப் புளிப்பு கிடையாது. இவற்றை எண்ணெயில் முக்கி மூடி வைத்தால், காற்றில்லாத அறையை நாமே கட்டிக் கொடுத்த மாதிரி.

பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டவர்களுக்குப் பூண்டு எண்ணெயின் அருமை தெரியும். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த ருசி. பூண்டை மொறுமொறுவென்று ஈரம் போகப் பொரித்து, அன்றன்றைக்குத் தீர்த்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. வீட்டில் நடப்பது வேறு. பச்சைப் பூண்டை நசுக்கி எண்ணெயில் போட்டு, அடுப்பு மேடையிலேயே வாரக்கணக்கில் வைக்கிறோம். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகம் வெளியில் வைத்திருந்த பூண்டு எண்ணெயால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். பச்சைப் பூண்டு எண்ணெய் என்றால் கொஞ்சமாகச் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து, நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். இஞ்சி பூண்டு விழுதும் அப்படித்தான். மாசத்துக்கு ஒருமுறை அரைக்கிற பழக்கம் இருந்தால் ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வையுங்கள். வேண்டும்போது ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

மீன், இறால் ஊறுகாயில் வினிகர்தான் காவல்காரன். வாடை பிடிக்கவில்லை என்று அதைப் பாதியாக்கித் தண்ணீர் கலப்பதும், வினிகருக்குப் பதில் கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழிவதும் பெரிய தவறு. துண்டு பெரிதாக இருந்தால் புளிப்பு நடுவரைக்கும் இறங்க நாளாகும், அதனால் சின்னதாக நறுக்குங்கள். புளி கரைத்து விட்ட தொக்கும் நாக்குக்குப் புளிப்பாகத்தான் இருக்கும், ஆனால் நாக்கு பி.எச். மீட்டர் இல்லை. விற்பவர்கள் அளந்தே ஆக வேண்டும். ஒரு நாள் ஊறிய பிறகு துண்டும் குழம்பும் சேர்த்து மிக்ஸியில் அடித்துப் பாருங்கள். 4.2 அல்லது அதற்குக் கீழே வந்தால் நிம்மதி. தாளில் அளந்தால் மிளகாய்த்தூளின் சிவப்பும் மஞ்சளும் ஏறி நிறமே தெரியாது. சின்ன டிஜிட்டல் மீட்டர் வாங்கி, கூடவே அதைச் சரிபார்க்கும் கரைசலும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மீன் ஊறுகாயைக் கொரியரில் அனுப்பக் கூடாது என்பது என் கட்சி. வீட்டுக்கென்று போட்டதை ஃப்ரிட்ஜில் வையுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் பி.பி. இருக்கிறது, உப்பைக் குறைத்துப் போடு என்கிற கதை. ஊறுகாயில், கருவாட்டில் உப்பு ருசிக்கு மட்டும் இல்லை. பி.பி. உள்ளவர் குறைவாகச் சாப்பிடலாம், இல்லை தொடாமலே இருக்கலாம். அவருக்காகப் பாட்டில் முழுக்க உப்பைக் குறைத்தால் வீட்டில் எல்லோருக்கும் ஆபத்து.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது

பாட்டிலில் அடைத்து, மூடி, தண்ணீரில் நிற்க வைத்துக் கொதிக்க விடுவதை யூட்யூபில் பார்த்துப் பலர் செய்கிறார்கள். புளிப்பான தக்காளி, பழக்கூழுக்கு எழுதிய முறை அது. புளிப்பில்லாத எதற்கும் உதவாது. 100 டிகிரி கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் வித்து சாகாமல் தப்பிக்கும். அதைக் கொல்ல அழுத்தத்தில் 121 டிகிரி சூடு வேண்டும். 2015இல் அமெரிக்காவின் ஒஹாயோவில், வீட்டில் இப்படி வெறும் கொதிநீரில் வைத்துப் பதப்படுத்திய உருளைக்கிழங்கு சாலட்டாகி ஒரு சர்ச் விருந்துக்குப் போனது. 29 பேருக்குப் பாட்டுலிசம்.

"நம்ம குக்கர் இருக்கே?" என்று கேட்பீர்கள். குக்கரில் கிட்டத்தட்ட அந்தச் சூடு வரும். ஆனால் கெட்டியான தொக்கின் நடுவில் அந்தச் சூடு எத்தனை விசிலில் போய்ச் சேரும் என்று யாரும் நமக்கு அளந்து கொடுக்கவில்லை. ஆகவே மீனையும் கறியையும் பாட்டிலில் அடைத்துக் குக்கரில் வைக்கும் பரிசோதனை வேண்டாம். ஃப்ரீசரே போதும்.

வித்து இத்தனை முரடு, அது வளர்ந்து கக்கும் நஞ்சு அப்படி இல்லை. பத்து நிமிடம் நன்றாகக் கொதித்தால் நஞ்சு செயலிழந்துவிடும். நாம் கருவாட்டைக் குழம்பில் தளதளவென்று கொதிக்க வைத்தே சாப்பிடுகிறோம், அது நம்மைக் காப்பாற்றி வருகிறது. ஊறுகாயையும் தொக்கையும் யாரும் சுட வைத்துச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் இத்தனை எச்சரிக்கை.

குடலோடு உப்புப் போடுவது, அரை ஈரத்தில் பேக் செய்வது

எகிப்தில் வசந்த விழாவுக்கு ஃபசீக் என்று ஓர் உப்பு மீன் சாப்பிடுவார்கள். மீன் வேறெதுவும் இல்லை, நம் மடவை வகைதான். குடலை எடுக்காமல் ஊறவிட்டு உப்புப் போடுவார்கள், சமைக்காமல் அப்படியே சாப்பிடுவார்கள். 1991இல் அதனால் 90க்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போய், 18 பேர் இறந்தார்கள். கடலடிச் சேற்றை மேயும் மீனின் குடலுக்குள்தான் வித்து கிடக்கும், உப்பு அங்கே போய்ச் சேருவதற்குள் நஞ்சு உண்டாகிவிடும்.

நெத்திலி, காரப்பொடி மாதிரிப் பொடி மீன் நல்ல வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடும். பெரிய மீன் என்றால் கீறி, குடலையும் செவுளையும் எடுத்து, ரத்தம் போகக் கழுவி, மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு வைக்க வேண்டும். காய்ந்ததா என்று வால் பக்கம் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. காசிமேட்டில் கருவாடு விற்கும் ஆயா ஒருவர் நடுமுள்ளை ஒட்டின தடித்த சதையில் கட்டை விரலை அழுத்தி எடுப்பார். பள்ளம் விழுந்தாலோ விரலில் பிசுக்கு ஒட்டினாலோ, "இது இன்னும் ஈரம் கண்ணு, நாளிக்கி வா" என்று திரும்ப வெயிலில் போட்டுவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலிருக்கும் ஈரத்தை உப்பு இழுத்து, நன்றாகக் காய்ந்த கருவாடே நமுத்துப்போகும். அதை அப்படியே வேக்குவம் பேக் போடுவதுதான் ஆபத்து. உள்ளே ஈரம், வெளியே காற்றில்லை.

பச்சை மீனை வேக்குவம் பேக்கில் வாங்கினால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டை நம்பாதீர்கள். மீனில் வரும் 'ஈ' வகை (டைப் E) பாட்டுலினம் பாக்டீரியா 3 டிகிரிக் குளிரிலும் மெல்ல வளரும். ஃப்ரீசரில் வையுங்கள், கரைக்கும்போது முதலில் பையைக் கிழித்துவிடுங்கள்.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தாலும் சுமார் நான்கு மணி நேரம்தான் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் மீன் தொக்கு, பூண்டு எண்ணெய் எல்லாம் குப்பைக்கு.

மோந்து பார்ப்பது, நாக்கில் வைத்துப் பார்ப்பது

அந்த 'ஈ' வகைப் பாக்டீரியா வளர்ந்த உணவில் கெட்ட வாடையே இருக்காது. நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்ப்பதும் விபரீதம், அந்தத் துளியே ஆளைச் சாய்க்கப் போதும். மூடி உப்பியிருந்தால், திறக்கும்போது புஸ்ஸென்று பீறிட்டால், டின் வீங்கியிருந்தால் ருசி பார்க்காமல் இரண்டு பையில் சுற்றி எறிந்துவிடுங்கள், நாய் பூனைக்கும் போடாதீர்கள். மேலே படிந்த பூஞ்சையைச் சுரண்டிவிட்டு மீதியைச் சாப்பிடுவதும் வேண்டாம். பூஞ்சை புளிப்பைத் தின்று, கீழே பி.எச். அளவை ஏற்றிவிடும்.

பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கிறோம் என்று தேனை நாக்கில் தடவுவது தனி ஆபத்து. ஒரு வயது நிரம்பும்வரை தேன் கூடாது. வித்து அந்தக் குடலிலேயே முளைத்து நஞ்சு கக்கும். காய்ச்சிய தேன், மலைத்தேன், சுத்தத் தேன் எதற்கும் விலக்கில்லை. பாட்டி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அறிகுறியைத் தள்ளிப்போடுவது

பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் தெரியும், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், வாய் வறளும், விழுங்க முடியாது, பேச்சு குழறும், பலவீனம் மேலிருந்து கீழே இறங்கும். காய்ச்சல் பொதுவாக இருக்காது, புத்தி தெளிவாக இருக்கும். நாக்குக் குழறுவதைப் பார்த்து, ராத்திரி ஏற்றியது இறங்கவில்லை என்று படுக்க வைத்துவிடுகிற வீடுகள் உண்டு. பக்கவாதம் என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் விழும், இதில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தளரும். எதுவாக இருந்தாலும் 108ஐக் கூப்பிட்டு ஸ்டான்லி போல வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எதிர்நஞ்சு மருந்து சீக்கிரம் ஏற வேண்டும், ஏற்கெனவே நரம்பில் பிடித்த நஞ்சை அது விடுவிக்காது.

கடந்த சில நாளில் என்ன சாப்பிட்டார் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். மிச்சம் இருக்கும் பாட்டிலை மூடி, பையில் கட்டி எடுத்துப் போங்கள். விற்பனைக்குப் போட்டதாக இருந்தால், அதே ஈட்டில் வாங்கிய எல்லோருக்கும் அன்றைக்கே போன் போக வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு பாட்டிலிலும் போட்ட தேதியை எழுதி ஒட்டச் சொல்வது.