கொடைக்கானல் மேல்மலையில் டென்ட் போடும்போது சறுக்கும் இடங்கள்

மன்னவனூரில் முதல் தடவை டென்ட் போட்டபோது, ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளமான புல்வெளியைப் பிடித்தோம். பார்க்க அவ்வளவு அழகு. தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் மேட்டுல போட்டுக்குங்க தம்பி" என்றார். நாங்கள் கேட்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு நாலு பேரும் காருக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால் பள்ளத்தில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. அவர் கைகாட்டிய மேட்டில் வெறும் ஈரம்தான்.

மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் சூட்டை இழக்கிறது. அதைத் தொட்ட காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி முதலில் பிடிப்பது இந்தப் பள்ளங்களைத்தான். போதாததற்கு, காட்டெருமை தண்ணீருக்கு இறங்கும் வழியும் ஓடைக்கரைதான். அதற்காக மொட்டை உச்சிக்கும் போகாதீர்கள், காற்று டென்ட்டைப் பிய்த்துவிடும். சரிவின் நடுவில், காற்றுக்கு மறைவான சின்ன மேடு போதும். யூக்கலிப்டஸ், வாட்டில் மரங்களுக்கு அடியில் மட்டும் வேண்டாம். கிளை முறிந்து விழும், பலத்த காற்றென்றால் மரமே சாயும்.

அடுத்த தவறு, போர்த்திக்கொள்ள மூன்று கம்பளி, கீழே விரிக்க ஒரு பெட்ஷீட். முதுகில் ஏறுவது தரையின் குளிர். ஸ்லீப்பிங் பேக்கும் நம் எடையில் அமுங்கிவிடுவதால் அடிப்பக்கம் காப்பாற்றாது. ஃபோம் மேட் இல்லையென்றால் அட்டைப்பெட்டியைப் பிரித்து இரண்டு அடுக்காகப் போடுங்கள். நடந்து வியர்த்த பனியனோடு படுக்காதீர்கள். குளிருக்குப் பயந்து டென்ட்டின் காற்றுவழியை அடைத்தால் மூச்சுக்காற்றே நீராகித் தலையில் சொட்டும்.

இதைவிட மோசம், கரி அடுப்பை உள்ளே வைப்பது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆள் போய்விடும். புகையில்லாத கங்குதானே என்று நினைப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

சமையல் சங்கதி ஒன்று. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகும் என்று காத்திருந்தால் கேஸ்தான் தீரும். குக்கர் கொண்டுபோங்கள், இல்லையென்றால் ரவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சச் சோற்றை டென்ட்டுக்குள் வைக்காதீர்கள், பன்றி தேடி வரும்.

அப்புறம், நடை. பட்டா நிலத்தில் முகாம் போட அனுமதி வாங்கிவிட்டால் பக்கத்துச் சோலைக்குள்ளும் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் வனத்துறை நிலம். காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்குப் போகவே வனத்துறை அனுமதி வேண்டும். வனப்பாதைகளில் நடக்க, 2024இல் தமிழக அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். புல்லில் தெரியும் ஒற்றையடியை நம்பி இறங்குவதும் தப்பு. அது காட்டெருமைத் தடமாக இருக்கும், பாதியில் புதருக்குள் போய் முடியும்.

பிப்ரவரி பாதியிலிருந்து புல் காய்ந்துவிடும். அந்தச் சமயத்தில் கேம்ப் ஃபயர் என்ற பேச்சே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேட்டைப் பார்த்து ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது.

ராத்திரி ஒதுங்கப் போகும்போது டார்ச்சைக் காலடியில் மட்டும் அடிக்காமல் ஒருமுறை சுற்றிலும் அடித்துப் பாருங்கள். கறுப்பாக ஒரு பாறை தெரிந்து, பகலில் அங்கே பாறையே இல்லையே என்று ஞாபகம் வந்தால், சத்தம் போடாமல் வந்த வழியே பின்வாங்குங்கள்.