செடி வளரும் சின்ன மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர்?

என் மேசைத் தொட்டி 20 லிட்டர்தான். ஜாவா ஃபெர்ன் என்ற நீர்ச்செடி, கொஞ்சம் பாசி, பத்துப் பன்னிரண்டு செர்ரி இறால். முதலில் கண்ணாடி விளிம்பில் தொங்கும் ஃபில்டரை மாட்டினேன். ஒருநாள் மூடியைத் திறந்தால், அரிசியில் பாதிகூட இல்லாத இரண்டு இறால் குஞ்சுகள் உள்ளே ஊர்ந்துகொண்டிருந்தன! அன்றே உறிஞ்சு குழாயின் வாயில் ஸ்பாஞ்சைச் செருகினேன்.

இறாலோ மீன் குஞ்சோ இருந்தால் ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையே வாங்குங்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் அது செத்துப்போகும். தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியே பம்ப்புக்குள் இறங்கிவிடும்.

மோட்டார் ஃபில்டர்தான் வேண்டுமென்றால், மணிக்குத் தொட்டி அளவைப்போல் நாலைந்து மடங்கு ஓட்டம் போதும். இலை மெல்ல அசைய வேண்டும், சாய்ந்தே கிடக்கக் கூடாது. செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு விடுபவர்களுக்கு ஸ்பாஞ்ச் அவ்வளவாகப் பொருந்தாது. அதன் குமிழிகள் மேற்பரப்பைக் கலக்கி, அந்த வாயுவை வெளியேற்றிவிடும்.