தள்ளிப்போன தவணை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் எங்களுக்கு, மகளின் 6-ஆவது வாரத் தடுப்பூசிக்குப் பின் வந்த ஓர் இரவுக் காய்ச்சலே பெரும் பயமாகிவிட்டது. 10-ஆவது வாரத்தில் லேசான சளியைச் சாக்காக வைத்து (உண்மையில் அது எங்கள் பயம்தான்) அடுத்த தவணையைத் தள்ளிப்போட்டதில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. முதலிலிருந்து போட வேண்டியிருக்குமோ என்ற கலக்கத்துடன் ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றபோது, செவிலியர் அட்டையில் காலியாக இருந்த கட்டங்களைப் பேனாவால் தொட்டுக்காட்டி, விட்ட இடத்திலிருந்தே தவணைகளுக்கிடையே குறைந்தது 4 வார இடைவெளியில் தொடரலாம் என்றும், சாதாரணச் சளி தடையல்ல என்றும் விளக்கினார். தொடையில் ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொன்னார். எடைக்கேற்ற பாராசிட்டமால் அளவையும் எழுதித் தந்தார். அன்றிரவு வந்த காய்ச்சல் மறுநாள் மாலைக்குள் தணிந்தது. அடுத்த தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறோம்.