ஐபோனில் மட்டும் ஒட்டிக்கொண்ட மெனு: உலாவிக்கு உலாவி மாறும் சிஎஸ்எஸ் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் தெரு நூலகத்துக்காக நான் அமைத்த பக்கம் என் கணினியில் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் சீராகத் தெரிந்தது. அத்தையின் பழைய ஐபோன் 6-இல் திறந்தபோது மட்டும் மேலே இருந்த ஐந்து மெனு பொத்தான்களும் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. புதிதாகக் கற்பவர்களுக்கு அந்த நேரமாவது மிச்சமாகட்டும் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். சிஎஸ்எஸ் கோப்பைப் பக்கத்தோடு இணைப்பதும் டெவலப்பர் டூல்ஸைத் திறப்பதும் உங்களுக்குத் தெரியும் என்றே கொள்கிறேன்.

முதல் படி: எளிய காரணங்களை விலக்குதல்

பக்கத்தைப் பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள். உலாவி சேமித்து வைத்திருந்த பழைய கோப்புதான் காரணம் என்றால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். எச்டிஎம்எல் கோப்பின் முதல் வரியில் டாக்டைப் அறிவிப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், தொண்ணூறுகளில் எழுதப்பட்ட பக்கங்களுக்கான பழைய விதிகளின்படி உலாவி உங்கள் பக்கத்தை அடுக்கத் தொடங்கும். அடுத்து, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரும் சிஎஸ்எஸ் வாலிடேட்டரில், அதாவது பிழை காட்டும் கருவியில், கோப்பை ஒருமுறை சோதியுங்கள். ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் அந்த வரியோடு அடுத்த வரியும் சேர்ந்து செல்லாமல் போகும். பக்கத்தைப் பார்ப்பவருக்கு அதற்கான எந்த அறிகுறியும் தெரியாது.

இரண்டாம் படி: எந்தப் பொறியில் பிழை?

உலாவிகள் பல இருந்தாலும், பக்கத்தை வரைந்து காட்டும் பொறிகள் இன்று பெரும்பாலும் மூன்றுதான். குரோம், ஓபரா, 2020 முதல் எட்ஜ் ஆகியவை பிளிங்க் பொறியிலும், ஃபயர்ஃபாக்ஸ் கெக்கோவிலும், சஃபாரி வெப்கிட்டிலும் இயங்குகின்றன. ஆகவே குரோமிலும் எட்ஜிலும் சோதித்துவிட்டு இரண்டு உலாவிகளில் பார்த்தாயிற்று என்று எண்ணிக்கொள்வதில் பயன் இல்லை. ஐபோனில் நிலைமை வேறு. அங்கே குரோமை நிறுவினாலும் உள்ளே இருப்பது வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-இல், ஐஓஎஸ் 17.4 வந்தபோது, வேறு பொறிகளுக்கும் அனுமதி கிடைத்தது.

நான் முதல் மாலை முழுவதையும் இழந்தது இந்த இடத்தில்தான். குரோமின் டெவலப்பர் டூல்ஸில் ஐபோன் என்று தேர்ந்தெடுத்து, அதில் மெனு சரியாகத் தெரிவதால் அத்தையின் கைபேசியில்தான் ஏதோ கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வசதி திரையின் அளவையும், உலாவி தன்னை அறிவித்துக்கொள்ளும் பெயரையும், தொடுதலையும் பாவனை செய்கிறதே தவிர, பக்கத்தை வரைவது அப்போதும் பிளிங்க்தான். பக்கம் குறுகிய திரைக்குள் அடங்குகிறதா என்று பார்க்க அது மிக நல்ல கருவி. சஃபாரியில் எப்படித் தெரியும் என்பதற்கு அது சான்றாகாது.

மேக் கணினி இல்லாதவர்கள் லினக்ஸில் க்னோம் வெப் உலாவியையோ, விண்டோஸில் பிளேரைட் என்னும் சோதனைக் கருவி தரும் வெப்கிட்டையோ பயன்படுத்தலாம். ஆனால் இவற்றில் கிடைப்பது அண்மைய வெப்கிட். ஐபோன் 6 ஐஓஎஸ் 12-ஐத் தாண்டி மேம்படாது என்பதால், இத்தகைய பிழைக்குப் பழைய கைபேசி ஒன்றைக் கையில் வைத்துச் சோதிப்பதே நல்லது.

மூன்றாம் படி: பெட்டிகளைக் கண்ணால் பார்த்தல்

கைபேசியில் டெவலப்பர் டூல்ஸ் இல்லாதபோது, நட்சத்திரக் குறி கொண்டு எல்லா உறுப்புகளுக்கும் ஒரு பிக்சல் சிவப்பு அவுட்லைன் கொடுங்கள். பார்டர் கொடுக்காதீர்கள், அது இடத்தை அடைத்து அமைப்பையே நகர்த்திவிடும், அவுட்லைன் எதையும் நகர்த்தாது. என் பக்கத்தில் சிவப்புக் கோடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அப்படியானால் பொத்தானுக்கு உள்ளே இருக்கும் பேடிங் சரியாக வேலை செய்கிறது, பொத்தான்களுக்கு இடையே வர வேண்டிய இடைவெளிதான் வரவில்லை என்பது தெளிவானது. மெனுவை ஃபிளெக்ஸில் (உறுப்புகளை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறை) அடுக்கி, உறுப்புகளுக்கு இடையே இடைவெளி விடும் கேப் பண்பில் 12 பிக்சல் கொடுத்திருந்தேன். எந்த உலாவி எந்தப் பண்பை ஏற்கும் என்று காட்டும் ‘கேன் ஐ யூஸ்’ தளத்தில் தேடியதும் விடை கிடைத்தது: ஃபிளெக்ஸுக்குள் கேப் பண்பை ஃபயர்ஃபாக்ஸ் 2018-லும், குரோம் 2020-லும் ஏற்றுக்கொள்ள, சஃபாரி 2021-இல், 14.1 பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது.

நான்காம் படி: திருத்தம்

கேப் தெரியாத உலாவிக்கு மட்டும் மாற்று வழி தரலாம் என்று எண்ணி, ஒரு பண்பு உலாவிக்குத் தெரியுமா என்று சிஎஸ்எஸ்ஸிலேயே கேட்கும் சப்போர்ட்ஸ் விதியில் கேப் பண்பைச் சோதித்தேன். பழைய சஃபாரியோ ஆதரவு உண்டு என்றே பதில் தந்தது. உறுப்புகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட் அமைப்புக்குள் கேப் பண்பை அது ஏற்கெனவே அறிந்திருந்ததே இதற்குக் காரணம். பண்பும் மதிப்பும் உலாவிக்குத் தெரியுமா என்று மட்டுமே சப்போர்ட்ஸ் விதி கேட்கிறது. அது ஃபிளெக்ஸில் பயன்படப் போகிறதா, கிரிட்டில் பயன்படப் போகிறதா என்று பார்ப்பதில்லை.

ஆகவே கேப் வரியையே நீக்கிவிட்டு, ஒவ்வொரு பொத்தானுக்கும் இடப்புறமும் மேலேயும் 12 பிக்சல் மார்ஜினும் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி), அவற்றைத் தாங்கும் பெட்டிக்கு அதே இரு பக்கங்களிலும் கழித்தல் 12 பிக்சல் மார்ஜினும் கொடுத்தேன். மூன்று பொறிகளிலும் இது ஒரே மாதிரி நடக்கிறது. இரண்டு வழிகளை எழுதி இரண்டையும் பராமரிப்பதைவிட, எங்கும் செல்லும் ஒரு வழியையே நான் விரும்புகிறேன்.

தமிழ்ப் பக்கம் அமைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எழுத்துருவை நீங்களே தராவிட்டால் விண்டோஸ் நிர்மலா எழுத்துருவையும், ஆண்ட்ராய்டு பொதுவாக நோட்டோவையும், ஐபோன் தமிழ் சங்கம் எழுத்துருவையும் எடுத்துக்கொள்ளும். ஒரே சொல் ஒவ்வொன்றிலும் வேறு அகலத்தில் வரும். பொத்தானுக்கு நிலையான விட்த் கொடுத்தால் ‘உறுப்பினர் சேர்க்கை’ ஒரு கருவியில் அடங்கும், இன்னொன்றில் வெளியே வழியும். குறைந்தபட்ச அகலத்தை மட்டும் குறிக்கும் மின்-விட்த் (min-width) கொடுங்கள்.

பிற்சேர்க்கை: முதலில் மார்ஜினை வலப்புறமும் கீழேயும் கொடுக்கச் சொல்லியிருந்தேன். பக்கம் பக்கவாட்டில் நகர்வதாக வாசகர்கள் இருவர் தெரிவித்தார்கள். அவர்கள் சொன்னது சரியே. பெட்டி திரையின் விளிம்பு வரை நீளும்போது, வலப்புறக் கழித்தல் மார்ஜின் அதை 12 பிக்சல் வெளியே தள்ளி ஸ்க்ரோலை உண்டாக்குகிறது. இடமிருந்து வலமாகச் செல்லும் பக்கத்தில் இடப்புறம் வெளியேறும் பகுதிக்கு உலாவி ஸ்க்ரோல் தருவதில்லை என்பதால், மேலே உள்ள படியை அதற்கேற்ப மாற்றியிருக்கிறேன்.