ஃபேக்டரி லாட்டில் கடை போடுவதற்கு முன்

பினாங்கின் மாக் மண்டினிலோ பிறையிலோ தொழிற்பேட்டை வரிசையில் ஒரு லாட் வாடகைக்கு வருகிறது. பின்னால் மசாலா அரைவை, முன்னால் ஷட்டர் ஓரமாக விற்பனை. கடைவீட்டை விட வாடகை குறைவு, லோரி வாசல் வரை வரும், கூரையும் உயரம். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் பலர் வாடகை ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்கிறார்கள், கெரானை, அதாவது நிலப் பட்டாவை, கேட்பதே இல்லை.

முதல் வேலை நில அலுவலகத்தில் 'சாரியான்', அதாவது அந்த நிலத்தின் பதிவு விவரத் தாள், எடுப்பது. அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, நிலப் பயன்பாட்டுப் பிரிவு: விவசாயமா, கட்டடமா, தொழிலா. இரண்டாவது 'ஷாரத் ஞாத்தா', அதாவது அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று வெளிப்படையாக எழுதிய நிபந்தனை. மூன்றாவது 'செக்காத்தான்', அதாவது கட்டுப்பாடு: விற்கவோ குத்தகைக்கு விடவோ மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா என்பது அங்கே இருக்கும். பிரிவு தொழில் என்றிருந்தால் தேசிய நிலச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு பொருந்தும். தயாரிப்பது, சேமித்து வைப்பது, விநியோகிப்பது அதற்குள் வரும். வாசலில் கவுண்டர் போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விற்பது வேறு கதை.

நிபந்தனையை மாற்ற 124-ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கிறவர் நில உரிமையாளர், வாடகைக்காரரால் முடியாது. நிலம் வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவைப்படும். ஒப்புதல் கிடைத்தால் அரசுக்கு பிரீமியம் என்ற கட்டணம் கட்ட வேண்டும், நில வரியும் மாறலாம். அதை யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுதிவிடுங்கள். லாட்டை வாடகைக்கு விடும் தவுக்கே (முதலாளி) 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றால் அந்தப் 'பிறகு' உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது உள்ளூர்த் திட்டம், அதாவது எந்த இடம் எதற்கு என்று நிறம் போட்டுக் காட்டும் வரைபடம். வரைபடத்தில் வணிக நிறம் இருந்தால் போதும் என்று நினைப்பது பெரிய தப்பு. கெரான் தொழில் என்று சொல்லி, வரைபடம் வணிகம் என்று சொன்னால், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரும் வரை கடை சட்டப்படி கடை ஆகாது. பினாங்கில் 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172) நடப்பில் இருக்கிறது. கோலாலம்பூருக்குத் தனிச் சட்டம் (சட்டம் 267). கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதும் 'மேம்பாடு' என்றே கணக்கு. ஆகவே தீவில் பினாங்கு மாநகர் மன்றத்திலும், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றத்திலும் திட்டமிடல் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். அனுமதியே இல்லாமல் செய்தால் சட்டம் 172-இல் அபராதத்தின் உச்சவரம்பு 500,000 ரிங்கிட்.

பாயான் லெப்பாஸில் 1972-இல் தொடங்கிய சுதந்திரத் தொழில் வட்டாரத்துக்குள் (ஃப்ரீ இண்டஸ்ட்ரியல் ஸோன்) சில்லறைக் கடை யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே சுங்க விதிகளே வேறு.

தாள் வேலை நடக்கும்போது இடத்தில் போய் நில்லுங்கள். ஒரு வேலை நாள், ஒரு சனிக்கிழமை. காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7. எத்தனை லோரி, எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே ரிவர்ஸ் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 40 அடிக் கொள்கலன் மட்டுமே 12.2 மீட்டர், இழுவை லோரியையும் சேர்த்தால் 16 மீட்டரை ஒட்டி வரும். முனையில் உங்கள் வாடிக்கையாளர் ஒருவர் 'ரெண்டே நிமிஷம்' என்று காரை நிறுத்தினாலும் அந்த லோரி திரும்பாது. பக்கத்துப் பட்டறைக்காரர் பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போக வேண்டிய சரக்கோடு காத்திருப்பார். பிறகு உறவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தொழிற்பேட்டையில் கடை பெருகினால் கடைசியில் அடிபடுவது பட்டறைதான். முதலில் இருந்தது அது. ஆனால் காபிக் கடைக்கு வந்தவர் தூசி, சத்தம் என்று புகார் கொடுப்பது அதன் மேல். வாடகையும் கடை விலைக்கு ஏறும். போன பட்டறை அதே இடத்துக்குத் திரும்பி வருவது அபூர்வம். அதனால் பெரிய சாலையைப் பார்த்த வெளி வரிசையில், தனி வாகன நிறுத்தத்தோடு கடை வையுங்கள். உள் வரிசைகளைத் தொழிலுக்கே விடுங்கள். பவுடர் பூச்சுப் பட்டறையோடு சுவர் பகிரும் லாட்டில் சாப்பாட்டுக் கடை வேண்டாம். அரைப்பது நீங்கள் என்றால், மிளகாய் அரைக்கும் நாளில் காற்றாடி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று முதலில் பாருங்கள்.

பொம்பா, அதாவது தீயணைப்புத் துறை, விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. 20க்கு 60 அடி தளம் 1,200 சதுர அடி. தொழிற்கூடமாகக் கணக்கிட்டால் ஆளுக்குச் சுமார் 100 சதுர அடி, ஆக 12 பேர். தரைத்தளக் கடை என்றால் ஆளுக்குச் சுமார் 30, ஆக 40 பேர். சுவர் அதேதான், வெளியேறும் வழி மட்டும் போதாமல் போகும். பின்கதவை அட்டைப் பெட்டியால் அடைத்து வைத்திருந்தால் சோதனை அங்கேயே நின்றுவிடும். கட்டடப் பிளானை வரைபவரிடம் இந்த எண்ணிக்கையை முதலிலேயே சொல்லுங்கள். வியாபார லைசென்ஸ், பெயர்ப்பலகை லைசென்ஸ் எல்லாம் இதற்குப் பிறகு. பலகையை முன்கூட்டியே அச்சடித்துவிட்டு அனுமதிக்குக் காத்திருப்பது பணத்தை வெயிலில் காய வைப்பது.

வட்டாரத்தில் வியாபாரிகள் சங்கம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். வரைவு உள்ளூர்த் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் உண்டு. 'எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்' என்று உருக்கமாக எழுதினால் கோப்பில் போய்ச் சேரும், அவ்வளவுதான். லாட் எண், எந்த வரிசை தொழிலாகவே இருக்க வேண்டும், எந்த வரிசை கடைக்குத் திறக்கலாம், முன்பு எண்ணிய லோரி கணக்கு: இவற்றை ஒரே தாளில் போட்டு, வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் கோடிட்டு இணையுங்கள். விசாரணையில் நேரில் பேச விரும்பினால் அதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.